சுட்டுவதா, உள்ளடக்குவதா?



திருகோணமலைத் துறைமுகப் பகுதியைக் கணினித் தரவாக எழுத முனைவோர் முதலில் விடை காண வேண்டிய கேள்வியோடு இம்மாநாட்டைத் தொடங்குகிறேன். தொடர்புள்ள இரு புவிக்கூறுகளில் ஒன்றை மற்றதன் உள்ளே எழுதுவதா, தனித்தனியே எழுதி அடையாள எண்ணால் சுட்டுவதா? 2007இல் ஐஎஸ்ஓ 19136 என்ற தரமாக வெளிவந்த, எக்ஸ்எம்எல் அடிப்படையிலான புவித்தரவு மொழியான ஜிஎம்எல் இரண்டுக்கும் இடம் தருகிறது. ஆகவே தேர்வும் அதன் விளைவும் நம் பொறுப்பு. தனக்கென ஓர் இருப்பு உடைய எதையும் இன்னொன்றுக்குள் அடைக்கக் கூடாது என்பதே என் துணிபு.

சீனக்குடா எண்ணெய்க் குதங்களையே எடுத்துக்கொள்வோம். பிரித்தானியர் காலத்து 99 குதங்கள், 2022 ஜனவரி உடன்படிக்கையில் மூன்றாகப் பிரிந்தன: இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, லங்கா ஐஓசிக்கு 14, இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு 61. நிலத்தில் ஒரு குதமும் நகரவில்லை. ஆனால் நிறுவனத்துக்குள் குதங்களை எழுதிவைத்த கோப்பில் கைமாறிய அத்தனையையும் பெயர்த்தெடுத்து வேறிடத்தில் நட வேண்டியிருக்கும். குதம் தனிப் பதிவாக நின்றால், ‘பொறுப்பாளர்’ என்ற வரியிலுள்ள சுட்டு மட்டுமே மாறும். மேலும், உள்ளடக்கும் முறையில் ஒன்றுக்கு ஒரு தாய்தான் இருக்க முடியும். இரண்டு எண்ணெய்க் குழாய்கள் ஓர் இறங்குதுறையில் முடிந்தால், அதன் விவரத்தை இரு குழாய்களுக்குள்ளும் படியெடுக்க நேரும். பின்னர் துறையோர ஆழத்தை ஒரு படியில் திருத்தி மற்ற படியில் மறந்தால், எந்த எண்ணை நம்பிக் கப்பலைக் கட்டுவது? மின்னணுக் கடல் வரைபடத்துக்கான எஸ்-57 தரம் இதை முன்பே உணர்ந்தது. அதில் கரைக்கோடு ஒருமுறைதான் பதிவாகிறது. நிலமும் கடலும் அந்த ஒரே கோட்டைச் சுட்டுகின்றன. மகாவலி வந்து கலக்கும் கொட்டியாரக் குடாவில் கரை மாறினாலும் ஒரு கோட்டைத் திருத்தினால் போதும்.

சுட்டு அறுந்துபோகலாம், கோப்பைப் பெறுபவர் கையில் வெறும் எண்தான் மிஞ்சும் என்பர் மறுப்போர். சுட்டப்படுவது குதமா குழாயா என்பதை எக்ஸ்எம்எல் ஸ்கீமா தானாகச் சரிபார்க்காது என்பதும் அவர்கள் வாதம். இரண்டும் மெய்யான குறைகளே. ஆனால் அறுந்த சுட்டைத் தேடிப் பிடிக்கலாம். ஸ்கீமட்ரான் போன்ற விதிமொழிகளால் வகையையும் சோதிக்கலாம். முரண்பட்ட இரு படிகளோ, தனித்தனியே பார்த்தால் பிழையின்றியே தோன்றும். வாசிப்பவரின் வசதிக்கும் வழியுண்டு: புவிக்கூறுகளை இணையவழி வழங்கும் டபிள்யூஎஃப்எஸ் 2.0 சேவையில், சுட்டப்பட்டதையும் சேர்த்துத் தருமாறு கேட்கலாம். சேமிப்பது சுட்டாக, வழங்குவது முழுமையாக என்பதே முறை.

எல்லாவற்றையும் பிரிக்கச் சொல்லவில்லை. வெளிச்சவீட்டு விளக்கின் நிறமும் மின்னும் இடைவெளியும் விளக்கின்றி நிற்கா. அவை உள்ளேயே இருக்கட்டும். ஒன்று அழியும்போது மற்றதும் அழியுமா, வேறெவரும் அதைத் தனியே சுட்ட வேண்டியிருக்குமா என்ற இரண்டு கேள்விகளே உரைகல்.

சுட்டு என்பது ஒரு வாக்குறுதி. வழங்கிய அடையாள எண்ணை மாற்றவோ, இன்னொன்றுக்கு மறுபடி கொடுக்கவோ மாட்டோம் என்று யாராவது பொறுப்பேற்றால்தான் அது நிலைக்கும். இத்துறைமுகத்தின் ஒவ்வொரு குதத்துக்கும் துறைக்கும் விளக்குக்கும் அந்த எண்ணை வழங்கிக் காப்பது யார் என்பதை இம்மாநாடு முடிவு செய்ய வேண்டும் எனக் கேட்டு, அமர்வுகளைத் தொடக்கிவைக்கிறேன்.