ஸ்லைடும் ரிப்போர்ட்டும்



"பயாப்சி எடுத்தாச்சு, ரிப்போர்ட் வரட்டும்" என்று டாக்டர் சொல்லிவிட்டால் வீட்டில் யாருக்கும் தூக்கம் பிடிக்காது. அந்த ரிப்போர்ட்டை எழுதும் பேத்தாலஜி டாக்டர் பெரும்பாலும் நோயாளியைப் பார்த்ததே இல்லை. அவர் பார்ப்பது ஒரு கண்ணாடி ஸ்லைடை. எடுத்த சதையை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகுக் கட்டியில் பதித்து, மூன்று நான்கு மைக்ரான் கனத்தில் சீவி, ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சாயமேற்றிய ஸ்லைடு.

இப்போது அந்த ஸ்லைடை முழுசாக ஸ்கேன் செய்து கணினித் திரையில் பார்க்கிறார்கள். ஸ்லைடு ஒன்றுக்கு ஒரு ஜிகாபைட்டைத் தாண்டும் படங்களும் உண்டு. முதல்நிலை நோயறிதலுக்கே இப்படிப் பார்க்கலாம் என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் ஒரு கருவிக்கு 2017 ஏப்ரலில் அனுமதி கொடுத்தது.

ஸ்கேனர், பணமிருந்தால் வாங்கிவிடலாம். சிக்கல் அதற்குப் பிறகுதான். படம் ஒரு மென்பொருளில், ரிப்போர்ட் வேறொன்றில் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடது திரையில் ஒருவருடைய மார்பகத் திசு. நடுவில் போன் வருகிறது. பேசி முடித்துத் திரும்பியவர், வலது திரையில் அடுத்த நோயாளியின் பக்கத்தைத் திறந்து தட்டச்சு செய்கிறார். இடது திரை மாறவில்லை. ஒருவருடைய புற்றுநோய் இன்னொருவர் பெயரில் போய்விடும். பார்வையில் பிழையில்லை, படிப்பில் குறையில்லை, ஆனாலும் ரிப்போர்ட் தப்பு.

இரண்டையும் இணைத்துவிட்டால் இந்த ஆபத்து பெருமளவு குறையும். ஸ்லைடின் ஓரத்தில் ஒட்டிய பார்கோடுதான் இணைப்புக் கயிறு. ஸ்கேனர் அதைப் படித்து, படத்தை உரிய பயாப்சி எண்ணில் சேர்க்கும். டாக்டர் அந்த எண்ணைத் திறந்தால் அந்த ஸ்லைடுகள் மட்டும் வரும். மூடினால் படமும் சேர்ந்து மூடும். அதே நோயாளியின் பழைய பயாப்சி ஸ்கேனாகியிருந்தால் அதையும் பக்கத்திலேயே வைத்து ஒப்பிடலாம்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் கூடாது. லேபிளை மாற்றி ஒட்டினால் கணினி என்ன செய்யும்? சாயம் வெளிறிய சின்னத் துணுக்கை ஸ்கேனர் விட்டுவிடவும் கூடும். அதனால்தான் ஸ்லைடு முழுவதையும் லேபிளோடு காட்டும் சின்னப் படம் ஒன்றையும் திரையில் வைக்கிறார்கள். நல்ல டாக்டர் முதலில் அதைப் பார்ப்பார். துணுக்கு விட்டுப்போயிருந்தால் மறுபடி ஸ்கேன் செய்யச் சொல்வார், அல்லது மைக்ரோஸ்கோப்பையே எடுப்பார்.

நம் ஊரில் இன்னும் எத்தனையோ குடும்பங்கள் ஸ்லைடையும் மெழுகுக் கட்டியையும் கைப்பையில் போட்டுக்கொண்டு இன்னொரு ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறுகின்றன. ஒரு வேண்டுகோள்: ரிப்போர்ட்டில் இருக்கும் பயாப்சி எண்ணைத் தனியாகக் குறித்து வையுங்கள். ஸ்லைடை வாங்கும்போது, அதன் லேபிளிலும் அதே எண்தான் இருக்கிறதா என்று அங்கேயே நின்று சரிபாருங்கள்.