மேய்ந்த புல்லுக்கு ஓய்வு

மாடு மேய்ந்த புல்லுக்கு ஓய்வு வேண்டும். இதுதான் இன்றைய தகவல்.

அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலம், ஷெனண்டோவா பள்ளத்தாக்கு. 1961-இல் சலட்டின் குடும்பம் அங்கே ஒரு பண்ணை வாங்கியது. மண் தேய்ந்துபோன நிலம். மழை அரித்த பள்ளங்கள்.

தந்தை வில்லியம் என்ன செய்தார்? மரம் நட்டார். மட்கு உரம் போட்டார். குளம் வெட்டினார். சுலபமாகப் பிடுங்கி நடக்கூடிய மின்வேலி போட்டு, மாடுகளை இடம் மாற்றி மேய்த்தார்.

மகன் ஜோயல் அதைத் தொடர்ந்தார். மாடுகளுக்குத் தினமும் புது இடம். நேற்று மேய்ந்த இடத்துக்கு இன்று போகக் கூடாது. சில நாள் கழித்து அங்கே கோழிகள் வரும். சாணத்தைக் கிளறும். ஈப்புழுக்களைத் தின்னும். பிறகு அந்த இடத்துக்கு ஓய்வு. புல் நன்றாக வளர்ந்த பிறகுதான் மாடு திரும்பும்.

ஏன் இந்த ஓய்வு? துளிர்த்த உடனே மறுபடி மேய்ந்தால், புல்லின் வேர் இளைத்துவிடும். ஓய்வு கிடைத்தால் வேர் ஆழமாக இறங்கும். வேர் இருந்தால் மண் அரிக்காது.

நம் ஊரில் ஆட்டுக்கிடை போடுகிறவர்கள் பட்டியை ஒரே இடத்தில் வைப்பதில்லை. மாற்றி மாற்றிப் போடுவார்கள். வயல் முழுக்க உரம் சேரும். அதே அறிவுதான் இதுவும்.

தாத்தா வில்லியம் தொடங்கிய பண்ணையில் பேரன் டேனியலும் பாடுபடுகிறார். மூன்று தலைமுறை உழைப்பில் அந்த மண் தேறியிருக்கிறது.

ஆடு மாடு வைத்திருக்கிறீர்களா? மேய்ச்சல் நிலத்தை நான்காகப் பிரியுங்கள். ஒரு பங்கில் மேயட்டும். மற்ற மூன்றும் வளரட்டும். இந்த மழைக்காலத்திலேயே தொடங்கிப் பாருங்கள்.