வீட்டுமனையும் வக்ஃபு நெறியும்
(ஜமாஅத் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்…

 

நம் பிள்ளைகளின் நிக்காஹை ஜமாஅத் முன்னின்று நடத்தி வைக்கிறது. ஆனால் மணமுடித்த அந்த இளைஞர் எங்கே குடியிருப்பார் என்பதை நாம் கேட்பதில்லை. வேடசந்தூர் வட்டாரத்து நூற்பாலைகளில் கூலிக்குச் செல்பவரும், சில்லறை வணிகம் செய்பவரும் பாங்கோசை கேட்கும் தொலைவில் ஒரு மனை வாங்குவது இன்று அரிதாகிவிட்டது. விளைநிலங்கள் மனைகளாகின்றன, மனைகளோ குடியேறுவோரிடம் சேராமல், விலை ஏறட்டும் எனக் காத்திருப்போரிடம் சேர்கின்றன. பேரூராட்சிகளுக்கும் உரிய பிரதமரின் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டத்தில், சொந்த மனையில் வீடு கட்டும் ஏழைகளுக்கு மானியம் உண்டு. மனையே இல்லாதவருக்கு அந்த மானியம் எட்டாக்கனியே.

இதற்கு வழி நம் மார்க்கத்திலேயே இருக்கிறது. ஹஸ்ரத் உமர் (ரலி) அவர்கள் கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை என்ன செய்வது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். மூலத்தை நிறுத்தி வைத்து, அதன் பலனை அறம் செய்யுமாறு நபியவர்கள் வழிகாட்டினார்கள். அந்நிலம் விற்கப்படாது, அன்பளிப்பாகவோ வாரிசுரிமையாகவோ எவருக்கும் செல்லாது என்று உமர் (ரலி) அவர்கள் நிபந்தனை விதித்தார்கள். நிலம் நிலைத்திருக்கும், அதன் பயன் தலைமுறைதோறும் எளியோரைச் சேரும். இதுவே வக்ஃபின் உயிர்நாடி.

இதே கருத்து வேறொரு பெயரில் நம் மாவட்டத்திலும் வேரூன்றியது. 1951இல் வினோபா பாவே தொடங்கிய பூதான இயக்கம் பின்னர் கிராமதானமாக வளர்ந்தது. நிலத்தின் உரிமை கிராம சபையிடம் இருக்கும். குடும்பங்கள் அதை உழுது பயன்பெறும். வெளியாருக்கு விற்க இயலாது. அய்யன்கோட்டையில் பிறந்த கிருஷ்ணம்மாளும் அவர் கணவர் ஜெகந்நாதனும் வத்தலக்குண்டு பகுதியில் இப்பணிக்காக உழைத்தனர். 2008இல் அவ்விருவருக்கும் உலகப் புகழ்பெற்ற ‘ரைட் லைவ்லிஹுட்’ விருது கிடைத்தது.

கிராமதானம் கடல் கடந்தும் சென்றது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், உரிமை கேட்டதற்காக நிலத்தைவிட்டு வெளியேற்றப்பட்ட கறுப்பின உழவர்களுக்காக, 1969இல் சார்லஸ் ஷெராட், ராபர்ட் ஸ்வான் முதலியோர் ‘நியூ கம்யூனிட்டீஸ்’ என்னும் நில அறக்கட்டளையை நிறுவினர். அதன் முன்மாதிரிகளுள் ஒன்று கிராமதானம். ஏறத்தாழ 5,700 ஏக்கர் நிலம் அதனிடம் இருந்தது. ஆனால் அது கடனுக்கு ஈடாக வைக்கப்பட்ட நிலம். வறட்சி வந்தது, உரிய காலத்தில் அரசுக் கடனுதவி மறுக்கப்பட்டது, 1985இல் நிலம் முழுவதும் கைநழுவிப் போயிற்று.

அந்த விதை வேறிடத்தில் தழைத்தது. வெர்மான்ட் மாநிலத்தின் பர்லிங்டன் நகரில் வீட்டு விலை உயர்ந்தபோது, 1984இல் நகராட்சியின் நிதியுதவியுடன் ஒரு நில அறக்கட்டளை தோன்றியது. இன்று அதன் பெயர் சாம்ப்ளெய்ன் வீட்டுவசதி அறக்கட்டளை. அங்கே குடும்பம் வீட்டை மட்டுமே வாங்குகிறது, நிலம் அறக்கட்டளையுடையது. வீட்டை விற்று வெளியேறும்போது, உயர்ந்த மதிப்பில் கால்பங்கு மட்டும் அக்குடும்பத்திற்கு. எஞ்சிய முக்கால்பங்கு அடுத்த எளிய குடும்பத்திற்கு விலைக் குறைப்பாக நிற்கிறது. ஒருமுறை கொடுத்த கொடை பல குடும்பங்களுக்குப் பயன்படுகிறது. ஸதக்கத்துல் ஜாரியா என்று நாம் சொல்வதும் இத்தகைய நிலையான தர்மத்தைத்தானே?

சகோதரர்களே! நாம் செய்யத்தக்கவை எவை?

முதலாவது, இருக்கும் வக்ஃபுச் சொத்துகளின் ஆவணங்களைச் சீர்செய்தல். 2025ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தை ஒட்டி, சொத்து விவரங்களை ‘உமீத்’ இணையதளத்தில் பதிவேற்றும் கடமையும் வந்துள்ளது. ஆவணம் இல்லாத அறம் ஆக்கிரமிப்புக்கு இரையாகும்.

இரண்டாவது, வீட்டுவசதிக்கென்றே தனியாகப் பதிவு செய்த அறக்கட்டளை. வக்ஃபு நிலத்தை ஓராண்டுக்கு மேல் குத்தகைக்கு விட வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். அதற்கெனத் தனி விதிகளும் உள்ளன. எனவே பள்ளிவாசலின் பழைய சொத்துகளைத் தொடாமல், புதிய கொடையால் நிலம் வாங்குவதே சிக்கலற்ற வழி. ஜகாத் பணம் உரியவரின் கைக்கு உடைமையாகச் சேர வேண்டும் என்பது பெரும்பாலான உலமாக்களின் கருத்தாதலால், இதற்கு ஸதகா நிதியே பொருந்தும்.

மூன்றாவது, உறுதியான நிபந்தனைகள். நிலத்தை விற்கவோ அடகு வைக்கவோ கூடாது என்று அறக்கட்டளைப் பத்திரத்திலேயே எழுத வேண்டும். வக்ஃபுச் சொத்தை அடகு வைக்கச் சட்டம் இடந்தராததன் அருமை ஜார்ஜியாவின் கதையால் விளங்கும். உள்வாடகை கூடாது. குடியிருப்போரின் பிரதிநிதிகளும் நிர்வாகத்தில் இடம்பெற வேண்டும். முறையான வாடகை வசூலித்தாக வேண்டும்; ஏனெனில் பழுது பார்க்கப் பணமில்லாத வீடு பத்தாண்டில் பாழாகும். தேர்வு, தேவையின் அடிப்படையில் அமைய வேண்டும்; நிர்வாகிகளின் உறவினர் என்பது தகுதியாகக் கூடாது.

ஐந்து வீடுகளோடு தொடங்கினாலும் போதும். கடைகள் கட்டி வாடகை பெறுவது பள்ளிவாசலுக்கு வருமானம். வீடுகள் கட்டி மக்களைக் குடியமர்த்துவது பள்ளிவாசலுக்குத் தொழுகையாளிகள். ஊரைவிட்டு இளைஞர்கள் சென்றுவிட்டால், அழகிய மினாரா யாரை அழைக்கும்?

வல்ல அல்லாஹ் இந்நற்பணிக்கு நம் உள்ளங்களை விரிவாக்குவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.