சைக்கிள் விளக்கும் எதிரே வந்த பெரியவரும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் பண்ணி, "தொழில்ல சாதிச்சதைப் பத்திப் பத்து நிமிஷம் பேசுங்க" என்றார். சாதனை என்று சொல்ல என்னிடம் பெரிதாக ஒன்றுமில்லை. 2009-ல் இங்கிருந்து வெளியே போன எலக்ட்ரானிக்ஸ்காரன் நான். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. ஆகவே 300 ரூபாய் டார்ச் லைட் ஒன்றைப் பற்றிப் பேசுகிறேன்.

எங்கப்பா சைக்கிளில் டைனமோ இருந்தது. டயரில் உரசிக்கொண்டு சுற்றும். 6 வோல்ட், 3 வாட். மிதித்தால் எரியும், நின்றால் அணையும். லைட் இல்லாமல் போனால் போலீஸ்காரர் காற்றைப் பிடுங்கி விடுவார் என்ற பயம் வேறு! பிறகு 1996-ல் வெள்ளை எல்.இ.டி. விற்பனைக்கு வந்தது. அதற்கு ஆதாரமான நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்த மூன்று பேருக்கு 2014-ல் நோபல் பரிசும் கிடைத்தது. இன்று அதே 3 வாட்டில் டைனமோ பல்பைவிடப் பல மடங்கு வெளிச்சம். தள்ளுவண்டியில்கூட ஜூம் டார்ச் கிடைக்கிறது. நானும் ஒன்று வாங்கி ஹேண்டில்பாரில் மாட்டினேன். ரோடு பகல் மாதிரி தெரிந்தது. பெருமைதான்.

2021-ல் ஒரு நாள் இரவு, ஷிப்ட் முடிந்து வந்துகொண்டிருக்கிறேன். முன்சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அந்தக் குலுக்கலில் டார்ச் தானாகவே 'சிமிட்டு' நிலைக்குப் போய், பளிச் பளிச் என்று அடிக்க ஆரம்பித்தது. எதிரே சைக்கிளில் ஒரு பெரியவர். கண் கூசித் தடுமாறி, ரோட்டோரச் சரளையில் விழுந்துவிட்டார். ஓடிப் போய்த் தூக்கினேன். "உனக்கு ரோடு தெரிஞ்சாப் போதுமா தம்பி, எனக்குத் தெரிய வேணாமா?" என்றார். மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஒன்றரை மாதம் கட்டு. இரவு வாட்ச்மேன் வேலை செய்பவர். அந்த ஒன்றரை மாதச் சம்பளத்தை நான் கொண்டுபோய்க் கொடுத்தபோது முதலில் வேண்டாம் என்றார், அப்புறம் வாங்கிக்கொண்டார்.

அந்த வாரமே டார்ச்சைப் பிரித்துப் போட்டேன். குலுங்கினால் ஏன் நிலை மாறுகிறது? பின்மூடியில் உள்ள ஸ்பிரிங் தளர்வு. பள்ளத்தில் செல் ஒரு கணம் தொடர்பு விட்டுப் பிடிக்கிறது. உள்ளே இருக்கும் மைக்ரோ கன்ட்ரோலர் அதை நாம் பட்டனைத் தட்டியதாக நினைத்து அடுத்த நிலைக்குத் தாவுகிறது. மேசை மேல் வைத்துச் சோதித்தவனுக்கு இது தெரியவே தெரியாது. கெட்டியான ஸ்பிரிங் போட்டேன். போர்டில் 350 மில்லிஆம்பியர் தரும் சிப் நான்கு இருந்தன. இரண்டைக் கழற்றி எறிந்தேன். 1400 என்பது 700 ஆயிற்று. வெளிச்சம் பாதிக்கு மேலேயே மிஞ்சியது. சூடு வெகுவாகக் குறைந்தது. 2500 மில்லிஆம்பியர் மணி செல் மூன்றரை மணி நேரம் வந்தது. மீதி இரண்டு சிப்பையும் மைக்ரோ கன்ட்ரோலரைத் தாண்டி நேரே பேட்டரியோடு இணைத்தேன். இனி எரியும், அல்லது அணையும், சிமிட்டாது. ஒரு எச்சரிக்கை: செல் வற்றும்போது நிறுத்துவதும் அந்த மைக்ரோ கன்ட்ரோலர்தான். அதை ஒதுக்கினால், பாதுகாப்புச் சர்க்யூட் உள்ள லித்தியம் செல்தான் போட வேண்டும். 18650 செல்லில் 9900 என்று அச்சடித்து விற்பார்கள், நம்பாதீர்கள். நல்ல செல்லே 3500-ஐத் தாண்டுவது அரிது.

கண் கூசுகிற விஷயம்தான் என்னைப் படுத்திவிட்டது. லாரி ஹெட்லைட்டில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுகிறார்களே, அது மாதிரி லென்ஸின் மேல்பாதியில் கறுப்பு டேப் ஒட்டினேன். சுவரில் அடித்துப் பார்த்தால், வட்டம் அப்படியே முழுசாக இருக்கிறது, மங்கலாக! அரை நாள் குழம்பினேன். பிறகுதான் பள்ளிக்கூடப் பாடம் ஞாபகம் வந்தது. லென்ஸில் பாதியை மறைத்தால் பிம்பம் பாதியாகாது, ஒளிதான் குறையும். பரீட்சையில் இதை எழுதி மார்க் வாங்கியவன் நான். வெட்ட வேண்டிய இடம் எல்.இ.டி.யின் அருகே. அதுவும் கீழ்ப்பக்கம். ஜூம் லென்ஸ் பிம்பத்தைத் தலைகீழாக்குவதால், கீழ்ப்பாதியை மறைத்தால் மேலே போகும் ஒளி நிற்கும். குளிர்பான டின் தகட்டை வெட்டி வைத்தேன். அது முனைகளைத் தொட்டு ஒரு எல்.இ.டி. போயிற்று. அடுத்த தடவை கேப்டான் டேப் சுற்றி வைத்தேன். சுவரில் ஸ்கேல் வைத்து இழுத்தது போல ஒரு கோடு விழுந்தது.

ஜெர்மனியில் சைக்கிள் விளக்குக்கும் இப்படி மேல்விளிம்பு வெட்டு வேண்டும் என்பது சட்டம். 2013 வரை அங்கே பெரும்பாலான சைக்கிள்களுக்கு டைனமோவே கட்டாயம். நம் ஊரில் நாமே அளந்து வைத்துக்கொள்ள வேண்டியதுதான். விளக்கு தரையிலிருந்து 1 மீட்டர் உயரம் என்றால், 5 மீட்டர் தள்ளி உள்ள சுவரில் கோடு 20 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். அப்போது ஒளி 25 மீட்டரில் தரையைத் தொடும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு விநாடிக்கு மேல் அவகாசம். பள்ளத்தைப் பார்த்து ஒதுங்க அது போதும். ஃபோகஸைத் துளி தளர்த்தினால் பக்கத்துத் தரையும் தெரியும், கோடு கொஞ்சம் மங்கும். டார்ச் உருண்டை என்பதால் கிளாம்பில் சுழன்றுவிடக் கூடாது. தலைகீழானால் எதிரே வருபவர் கதி அதோகதி! பழைய டியூப் துண்டு சுற்றி, ஒரு ஸ்க்ரூவும் போட்டிருக்கிறேன்.

பெரியவர் சைக்கிளிலும் ஒன்று மாட்டிக் கொடுத்தேன். "வெளிச்சம் கம்மியா இருக்கே தம்பி" என்று குறைதான் சொன்னார். அவருக்காக மூன்றாவது சிப்பைத் திரும்பச் சேர்த்தேன். கோட்டை மட்டும் உயர்த்தவில்லை.

என் சைக்கிளை வேனில் போட்டுக் கொண்டுவந்திருக்கிறேன். சாயங்காலம் இருட்டியதும் மெக்கானிக்கல் லேப் பின்சுவரில் அடித்துக் காட்டுகிறேன். மாணவர்கள் ஸ்க்ரூடிரைவரோடு வாருங்கள்.