முள் எங்க நிக்கணும்?

அப்பாவோட அம்பாசடர் இன்ஜின் வேலைக்குப் போயிருக்குன்னு முன்னாடி ஒரு எபிசோட்ல சொல்லியிருந்தேன். வண்டி வந்துடுச்சு. இன்னிக்குப் பேசப்போறது அது வந்த பிறகு நடந்த ஒரு வாரத்தைப் பத்தி.

தெரியாதவங்களுக்காக: 1987 மாடல், மார்க் 4, பெட்ரோல், 1489 சிசி. இங்கிலாந்துல பிஎம்சி போட்ட பி-சீரிஸ்ங்கிற குடும்பத்து இன்ஜின். எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் கார்ல இருந்ததும் இதே குடும்பம்தான். அதனால நமக்கு ஒரு லாபம், படிக்கிறதுக்கு நிறைய இருக்கு. அப்பா இதை சேலத்துல பல வருஷம் டாக்ஸியா ஓட்டினவர். இன்ஜின்ல "கட கட"ன்னு பேரிங் சத்தம் வந்த பிறகுதான் நிறுத்தினார்.

இப்போ நடந்த வேலை என்னன்னா, கிராங்க்கை லேத் பட்டறையில 20 தௌ அரைச்சு, அதுக்கேத்த அண்டர்சைஸ் பேரிங் போட்டு, போர் அடிச்சு, புது பிஸ்டன், புது ரிங், புது ஆயில் பம்ப். என் சேமிப்புல பெரிய பகுதி இதுல போயிருக்கு.

முதல் நாள் காலையில ஸ்டார்ட் பண்ணினோம். எங்க வண்டியில டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு மெக்கானிக்கல் ஆயில் பிரஷர் கேஜ் இருக்கு. முள் ஒரே தூக்கா 100 பி.எஸ்.ஐ.ல போய் முட்டி நின்னுச்சு. கேஜ் அதோட முடியுது. மெக்கானிக் அண்ணன் சிரிச்சார்: "பாத்தியா தம்பி, புது இன்ஜின்னா இப்படி இருக்கணும்." எனக்கும் சந்தோஷம்தான். ரத்த அழுத்தம் கூடினா பயப்படுற நாம, ஆயில் பிரஷர் கூடினா மட்டும் பெருமைப்படுறோம்.

மூணாவது நாள் அப்பா வண்டிய விட்டு இறங்கி, செருப்பைத் திருப்பிப் பார்த்தார். "டேய், கால்ல எண்ணெய் பிசுபிசுங்குது." மெக்கானிக்கல் கேஜ்னா இன்ஜின் ஆயிலே ஒரு சின்ன டியூப் வழியா கேஜ் வரைக்கும் வரும். அந்த டியூப் ஜாயின்ட்ல கசிஞ்சு, ஆக்சிலரேட்டர் பக்கத்துல சொட்டியிருக்கு. பானட்டைத் தூக்கினா, ஆயில் ஃபில்டர் கிண்ணத்தோட ரப்பர் ரிங்கும் ஈரமா இருக்கு. அப்போதான் வயித்தக் கலக்கிச்சு. அந்த ரிங் ஹைவேல பிதுங்கி வெளிய வந்தா, பம்ப்பே இருக்கிற ஆயிலை எல்லாம் ரோட்ல ஊத்திடும். கவனிச்சு நிறுத்துறதுக்குள்ள புது பேரிங் காலி.

திரும்ப அண்ணன்கிட்ட போனேன். "இத்தனை வருஷமா இன்ஜின் கட்டுறேன். பிரஷர் கம்மின்னு வருவாங்க. கூடன்னு வந்த முதல் ஆள் நீதான்"னார். அப்புறம், "வேணும்னா ஆயிலை லேசானதா மாத்திடலாம்"னு சொன்னார். வேண்டாம்னுட்டேன். லேசான ஆயில் போட்டா முள் இறங்கும், சரி. எதனால ஏறுச்சுன்னு தெரியாமலே போயிடும்.

இங்க கொஞ்சம் நிறுத்தி ஒரு விஷயம் சொல்லணும். ஆயில் பம்ப் பிரஷரை உருவாக்குறதில்லை. ஒவ்வொரு சுத்துக்கும் இவ்வளவு ஆயில்னு தள்ளும், அவ்வளவுதான். அது போற வழி எவ்வளவு இறுக்கமா இருக்கோ, அவ்வளவு பிரஷர் உண்டாகும். பேரிங்குக்கும் கிராங்க்குக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி ஒரு தௌல இருந்து இரண்டரை தௌக்குள்ளதான். ஒரு தௌன்னா அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு. பழைய இன்ஜின்ல அது தேஞ்சு பெருசாகி, பிரஷர் விழும். புதுசுல இறுக்கமா இருக்கும், பிரஷர் ஏறும். அதனால கட்டின புதுசுல முள் கொஞ்சம் மேல நிக்கிறது சகஜம். ஆனா எங்கயாவது நிக்கணும்ல? அதுக்குத்தான் ரிலீஃப் வால்வு இருக்கு. குக்கர் வெயிட் மாதிரி. ஒரு அளவுக்கு மேல பிரஷர் போனா, உள்ள இருக்கிற ஸ்பிரிங் அமுங்கி வால்வு திறக்கும். மிச்ச ஆயில் சம்ப்புக்கே திரும்பிப் போயிடும்.

சரி, வேலைக்கு வருவோம். முதல்ல கேஜ் பொய் சொல்லுதான்னு பார்க்கணும். கடன் வாங்கின இன்னொரு கேஜை மாட்டினோம். அதுவும் அதேதான் காட்டிச்சு. அடுத்தது ஆயில். ஊத்தினது 20டபிள்யூ50, இந்த வண்டிக்கு வழக்கமா ஊத்துறதுதான். ஆனா காலைல ஆறிப்போன ஆயில் கெட்டியா இருக்கும், அப்போ எடுக்கிற ரீடிங்கை வச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாது. தண்ணி சூடாயிடுச்சுன்னு டெம்பரேச்சர் முள் காட்டினாலும் ஆயில் சூடாக இன்னும் நேரம் எடுக்கும். அதனால பைப் ஜாயின்ட்டை டைட் பண்ணிட்டு, ரிங்குக்கு மேல ஒரு கண்ணை வச்சுக்கிட்டு, மெதுவா ஓமலூர் வரைக்கும் போய்த் திரும்பினோம்.

வந்ததும் இன்ஜினை அணைக்காமலே அண்ணனோட டாக்கோமீட்டரை மாட்டி, ஒரு பேப்பர்ல எழுதினேன். ஐட்லிங்ல 30. ஆயிரத்து ஐநூறு ஆர்பிஎம்ல 55. இரண்டாயிரத்துல 75. இரண்டாயிரத்து ஐநூறுல 95. அதுக்கு மேல நான் முறுக்கல.

இந்த நாலு நம்பரைப் பார்த்துக்கிட்டே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். ஐட்லிங்ல 30ங்கிறது புது இன்ஜினுக்கு நியாயமான நம்பர். எங்கயாவது ஆயில் வழி அடைச்சிருந்தா, ஒரு பேரிங் ஓட்டை மூடிப் போயிருந்தா, ஐட்லிங்லயே முள் ஏடாகூடமா நின்னிருக்க வாய்ப்பு அதிகம். இருந்தாலும் மனசு கேக்கல. டேப்பெட் கவரைக் கழட்டி இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தேன். எல்லா ராக்கர்லயும் ஆயில் பொங்கி வருது. மேல வரைக்கும் வழி சரியா இருக்கு.

தப்பு முள் ஏறுற விதத்துலதான். ஆர்பிஎம் கூடக் கூட அது ஏறிக்கிட்டே போகுது, எங்கயும் நிக்கல. இந்த இன்ஜின் ஓட்டத்துல 50, 60 பக்கம் வந்து அப்படியே நிக்கணும். அப்புறம் எவ்வளவு முறுக்கினாலும் முள் பெருசா அசையக்கூடாது. அப்படி நிக்கலைன்னா ரிலீஃப் வால்வு திறக்கலைன்னு அர்த்தம், இல்லைன்னா ரொம்ப லேட்டா திறக்குது.

பி-சீரிஸ்ல அந்த வால்வை எடுக்க இன்ஜினை இறக்க வேண்டியதில்லை. பிளாக்குக்கு வெளியே, பின்பக்கமா, குமிழ் மாதிரி ஒரு பெரிய நட் இருக்கும். ஆயில் ஆறின பிறகு அண்ணன் அதைக் கழட்டினார். ஸ்பிரிங் வந்துச்சு. பின்னாடியே கிண்ணம் மாதிரி இருக்கிற வால்வு வந்துச்சு. ஓட்டைக்குள்ள விட்டுப் பார்த்தா வழுக்கிக்கிட்டுப் போகுது, சிக்கல. ஸ்பிரிங்கும் உடையல. அண்ணன் நட்டைத் திருப்பித் தட்டினார். உள்ள இருந்து மூணு இரும்பு வாஷர் அவர் கையில விழுந்துச்சு.

"இது நான் போட்டதில்லை தம்பி. இருந்ததை அப்படியே கழுவி மாட்டினேன்"னார். அதை நான் நம்புறேன். வாஷர் மூணும் கறுத்துப் போயிருந்துச்சு. ஸ்பிரிங்குக்குப் பின்னாடி வாஷர் அடுக்கினா ஸ்பிரிங் முன்னாடியே அமுங்கி நிக்கும். வால்வு திறக்க இன்னும் அதிகமான பிரஷர் வேணும். குக்கர் வெயிட்டுக்கு மேல கல்லை வச்ச மாதிரி.

வீட்டுக்கு வந்து டீபாய் மேல வச்சேன். அப்பா பேப்பரை மடிச்சுட்டு, ஒண்ணை எடுத்து விரல்ல உருட்டினார்.

"நான்தான் போடச் சொன்னேன். முள் இறங்கிட்டே இருந்துச்சு. பேரிங் மாத்தணும்னாங்க. அப்போ உனக்கு காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டிய நேரம். இதைப் போட்டா ஏறும்னு ஒருத்தர் சொன்னார். ஏறுச்சு."

எனக்குச் சட்டுனு பேச்சு வரல. வர்ற வழியெல்லாம் எந்த மெக்கானிக் இப்படி ஏமாத்தினான்னு திட்டிக்கிட்டே வந்தவன் நான். கொஞ்ச நேரம் கழிச்சு, "ஐட்லிங்ல ஏறுச்சாப்பா?"ன்னு கேட்டேன். யோசிச்சார். "இல்ல. சிக்னல்ல நின்னா விழும். காலைல நல்லா இருக்கும், ரோட்ல ஓடினா நல்லா இருக்கும்."

அது அப்படித்தான் இருந்திருக்கும். ஐட்லிங்ல அந்த வால்வு எப்படியும் மூடித்தான் இருக்கும், அதுக்குப் பின்னாடி எத்தனை வாஷர் இருந்தாலும் ஒரு மாற்றமும் வராது. ஆயில் தேஞ்ச பேரிங் வழியா ஓடிப்போய்க்கிட்டுத்தான் இருந்திருக்கும். காலைல ஆயில் கெட்டியா இருக்கும்போதும், வேகமா ஓடும்போதும் மட்டும்தான் முள் நல்லா தெரிஞ்சிருக்கு. அதைப் பார்த்து நிம்மதியா அவர் ஓட்டியிருக்கார், பேரிங் தட்டுற வரைக்கும். இதை அவர்கிட்ட முழுசா சொல்லலாமான்னு யோசிச்சேன். சொன்னேன். "அப்போ சும்மாவா போட்டேன்?"னு கேட்டுட்டு, வாஷரைச் சட்டைப்பையில போட்டுக்கிட்டார்.

மறுநாள் புது ஸ்பிரிங் வாங்கி, வாஷர் இல்லாம மாட்டினோம். ஸ்பிரிங்கை வெட்டுறது, பழசை இழுத்து நீட்டுறது எல்லாம் வேண்டாம், விலை கம்மியான சாமான் அது. கேஜ் பைப், ஃபில்டர் ரிங் இரண்டும் புதுசு. சூடாக்கி ஓட்டிப் பார்த்தோம். ஐட்லிங்ல அதே 30. இரண்டாயிரத்துல 60. மூவாயிரத்துல 62. முள் அங்கயே நின்னுச்சு.

உங்க கார்ல கேஜ் இருக்காது, சின்ன எண்ணெய்க் கிண்ணம் போட்ட சிவப்பு லைட் மட்டும்தான் இருக்கும். அது பிரஷர் ரொம்பக் கம்மியானா மட்டும்தான் எரியும். கூடினா ஒண்ணும் சொல்லாது. அதனால இன்ஜின் கட்டி வாங்கினா, டெலிவரி எடுக்குறதுக்கு முன்னாடி ஒரு கேஜை மாட்டி, ஆயில் நல்லா சூடான பிறகு ஐட்லிங்லயும் மூவாயிரத்துலயும் ரீடிங் எழுதித் தரச் சொல்லுங்க. உங்க மாடலுக்கு எவ்வளவுன்னு மேனுவல்ல இருக்கும். ரிலீஃப் வால்வைக் கழட்டிப் பார்த்தீங்களான்னும் கேளுங்க.

இப்போ ஓடிக்கிட்டிருக்கிற ஆயிலை 500 கிலோமீட்டர்ல மாத்தணும். அப்பா நேத்தே 310 ஓட்டிட்டார். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.