வன்னிஹாமியாக வாழ்ந்த நடிகர்

நடிகர் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுபவன் பெரும்பாலும் கதாநாயகனே. ஆயினும், கதையில் வரும் தந்தையையும் கடைக்காரரையும் ஊர்க் கிழவரையும் உயிருள்ள மனிதராக்குபவர் குணசித்திர நடிகர். இலங்கைத் திரையுலகில் அவ்வகையில் பெரும்புகழ் பெற்றவர் ஜோ அபேவிக்ரம. அவர் வன்னியில் பிறந்தவரல்லர்; சிங்களத் திரையில் வளர்ந்தவர். எனினும், அவருடைய நடிப்பின் சிகரத்தை வன்னி மக்கள் எவருடைய விளக்கமுமின்றி உணர்ந்துகொள்வர்.

1927 ஆம் ஆண்டு இரத்தினபுரியை அடுத்த லெல்லோப்பிட்டியவில் பிறந்த அவர், 1957 இல் வெளிவந்த 'தேவசுந்தரி' என்னும் படத்தின் மூலம் திரைக்கு வந்தார். தொடக்கத்தில் அவருக்கு வாய்த்தவை சிறுசிறு நகைச்சுவைப் பாத்திரங்களே. 1965 இல் 'சாரவிட' படத்தில் வெற்றிலை விற்பவராகத் தோன்றி, சிரிப்புக்குள்ளே ஏழையின் வாழ்வையும் காட்டினார். 1971 இல், இலங்கையின் முதலாவது சினிமாஸ்கோப் படமான 'வெலிகதர' வெளிவந்தது. வட பகுதியின் மணல்வெளியைக் களமாகக் கொண்ட அப்படத்தில், கோரிங் முதலாளி என்னும் கொடியவராக அவர் நடித்தார். சிரிக்கவைத்த அதே முகம் அச்சத்தையும் விளைவிக்க வல்லது என்பதை அன்று இரசிகர்கள் கண்டனர்.

அம்பாந்தோட்டையில் அதிகாரியாக இருந்த லெனார்ட் வுல்ஃப் 1913 இல் வெளியிட்ட நாவலை, லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 'பெத்தேகம' என்ற பெயரில் 1980 இல் படமாக்கினார். அதிலே சிலிந்து என்னும் வேட்டைக்காரனாக அபேவிக்ரம நடித்தார். வறட்சி, சேனைப் பயிர், தீராத கடன், அதிகாரம் படைத்தோரின் சூழ்ச்சி ஆகியவற்றுக்கு இடையே நெரிபடும் எளிய மனிதன் அவன். நெடுங்கேணியிலும் ஒட்டுசுட்டானிலும் காட்டோரம் வாழ்ந்து, மழையையும் குளத்தையும் நம்பிப் பயிர்செய்தோருக்குச் சிலிந்து அந்நியன் அல்லன்.

அவருடைய கலையின் சிகரம் 1997 இல் பிரசன்ன விதானகே உருவாக்கிய 'புரஹந்த களுவர' என்னும் படமாகும். 'பூரணையின் இருள்' என்று அதனைத் தமிழிற் கூறலாம். வறண்டதொரு கிராமத்தில் வாழும் பார்வையற்ற முதியவர் வன்னிஹாமி. போருக்குச் சென்ற அவருடைய மகன், முத்திரையிட்ட பெட்டியில் வீடு திரும்புகிறான். பெட்டியைத் திறக்கக் கூடாது என்பது கட்டளை. ஊரார் அழுகின்றனர், தந்தையோ நம்ப மறுக்கிறார். நட்டஈட்டுப் பத்திரத்தில் ஒப்பமிட்டால் வீட்டின் வறுமை தீரும். ஒப்பமிட்டாலோ மகனின் மரணத்தை ஏற்றவராவார். அவர் ஒப்பமிடவில்லை. இறுதியில் புதைகுழியைத் தோண்டுகிறார். பெட்டியினுள்ளே இருந்தவை வாழைக்குற்றியும் கற்களுமே.

கண்கள் பேச இயலாத அப்பாத்திரத்தை நடையாலும் கைகளாலும் மௌனத்தாலுமே அவர் நிலைநிறுத்தினார். 1999 இல் சிங்கப்பூர்ச் சர்வதேசத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகருக்கான விருது அவரை நாடி வந்தது. ஆனால், தாய்நாட்டில் 2000 ஆம் ஆண்டு அப்படத்தின் திரையிடலை அரசு தடுத்தது. இயக்குநர் உயர் நீதிமன்றத்தை நாடினார். 2001 இல் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக அமைந்தது.

2009 இல் போர் ஓய்ந்தது. 2017 பெப்ரவரி 20 ஆம் நாள், கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். மரணச் சான்றிதழும் வேண்டாம், நட்டஈடும் வேண்டாம், பிள்ளைகளுக்கு நேர்ந்ததைக் கூறுங்கள் என்பதே அவர்களின் கோரிக்கை. விடை அறியாமலே கண்மூடிய பெற்றோர் பலர். இரு துயரங்களும் ஒன்றல்ல. அங்கே பெட்டியாவது வந்தது. இங்கே அதுவும் வரவில்லை. ஆயினும், உண்மையை அறியாமல் ஒப்பமிட மாட்டேன் என்று கூறும் உள்ளம் ஒன்றே.

150 க்கும் மேற்பட்ட படங்களிலும், தொலைக்காட்சி நாடகங்களிலும் நடித்த ஜோ அபேவிக்ரம, 2011 செப்டெம்பர் 21 ஆம் நாள் தமது 84 ஆவது வயதில் மறைந்தார். கிளிநொச்சித் தாய்மார் தெருவோரம் அமர்ந்ததை அவர் காணவில்லை. ஆனால், மொழி வேறுபட்ட ஒரு தந்தையின் துயரை நம் துயராக உணரச் செய்துவிட்டே அவர் சென்றார். நல்ல நடிகர் ஒருவர் நாட்டுக்குச் செய்யத்தக்க தொண்டு அதுவே.