பால்சாப் பலகையை அறுத்தலும் பொருத்தலும்



பூவிருந்தவல்லியிலிருந்து ஆவடிக்குச் செல்லும் சாலையில் சென்னீர்குப்பம் என்னும் ஊர் உள்ளது. அங்கே விடுமுறை நாள்களில் என் வீட்டுத் திண்ணைக்குச் சில மாணவர்கள் வருவதுண்டு. மெல்லிய பலகையை அறுத்து ஒட்டிச் சிறு விமானங்கள் செய்வது அவர்களுக்குப் பெருவிருப்பம். தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் இது பயிற்சியாகவே அளிக்கப்படுகிறது. "ஐயா, பசை சரியாகப் பிடிக்கவில்லை" என்பதே அவர்கள் என்னிடம் கொண்டுவரும் முறையீடு. வாங்கிப் பார்த்தால், பத்தில் ஒன்பது முறை பசையின்மேல் பழியில்லை. இரு துண்டுகளும் ஒன்றையொன்று தொடாமலே நிற்கும். நடுவிலுள்ள இடைவெளியில் பசை மட்டும் காய்ந்து கிடக்கும்.

இவ்வேலைக்கு உகந்தது பால்சா மரம். தென் அமெரிக்காவின் வெப்பக் காடுகள் அதன் தாயகம். ஈக்குவடார் நாட்டிலிருந்து மிகுதியாக வருகிறது. ஸ்பானிய மொழியில் பால்சா என்றால் தெப்பம் என்று பொருள். 1947-இல் தோர் ஹெயர்டால் என்பவர் பெரு நாட்டிலிருந்து பசிபிக் கடலில் 101 நாள் மிதந்து சென்ற கோன்-டிக்கி என்னும் தெப்பமும் இம்மரத்தால் ஆனதே. நம் இலவ மரத்திற்கு இது தூரத்து உறவு.

பால்சா எல்லாம் ஒரே எடை என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு கன மீட்டர் மரம் 100 கிலோகிராமும் இருக்கலாம், 200 கிலோகிராமும் இருக்கலாம். 90 சென்டிமீட்டர் நீளமும் 7.5 சென்டிமீட்டர் அகலமும் 1.5 மில்லிமீட்டர் தடிப்பும் உடைய பலகை ஒன்று 10 கிராம் நிறுத்தால், அதே அளவுள்ள மற்றொன்று 20 கிராம் நிற்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இவற்றுள் ஒன்றை இடச் சிறகிற்கும் மற்றதை வலச் சிறகிற்கும் வைத்தவன், விமானம் ஏன் ஒருபுறம் சாய்கிறது என்று வீணே வியந்து நிற்பான். ஆகவே கத்தியை எடுக்குமுன் தராசை எடுங்கள்.

அடுத்து, நாரோட்டம். இறக்கையின் நீளத்திற்குச் செல்லும் நெடுஞ்சட்டத்தில் நார் நீளவாட்டில் ஓடவேண்டும். குறுக்கே நிற்கும் விலாக்களில் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு நோக்கி ஓடவேண்டும். மாற்றி அறுத்த விலா, விரல் பட்டவுடன் முறியும். பலகைகளிலும் இருவகை உண்டு. சில, குறுக்கே எளிதில் வளையும். முன்விளிம்பைச் சுற்றி மூடுவதற்கு அவை ஏற்றவை. வேறு சில, மேற்பரப்பில் புள்ளி புள்ளியாக மினுங்கும், வளைய மறுக்கும்; விலாவிற்கும் வாற்பகுதிக்கும் அவையே சிறந்தவை.

கத்தி புதியதாக இருக்கட்டும். மழுங்கிய கத்தி பால்சாவை அறுப்பதில்லை, நசுக்குகிறது. ஒரே அழுத்தில் அறுத்துவிட வேண்டுமென்ற ஆத்திரம் இளைஞர்க்கு இயல்பு. முதற்கீறல் பென்சில் கோடுபோல் மெல்லியதாக இருத்தல் நலம். பின்வரும் மூன்று நான்கு கீறல்களும் அந்தத் தடத்திலேயே இறங்கும். வளைவை அறுக்கும்போது, கத்தி வழுவினால் கழிவுப் பக்கம் வழுவுமாறு நாரின் போக்கைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கோட்டின்மேலேயே அறுக்காமல் சற்று வெளியே அறுத்து, எஞ்சியதை உப்புத்தாள் ஒட்டிய சமக்கட்டையால் தேய்த்துக் கோட்டிற்குக் கொண்டுவருக. விலாக்கள் பல இருப்பின், ஒட்டுப்பலகையில் இரண்டு அச்சுகள் செய்து அவற்றின் நடுவே எல்லாவற்றையும் அடுக்கி ஊசியால் இறுக்கி, ஒன்றாகவே தேய்க்கலாம். நெடுஞ்சட்டம் நுழையும் காடிகளையும் அவ்வடுக்கிலேயே எடுத்துவிட்டால் ஆழம் ஒன்றுபோல் அமையும்.

பசையிடுமுன் எல்லாவற்றையும் வெறுமனே பொருத்திப் பார்த்தல் வேண்டும். சட்டம் காடியில் தானே அமர்ந்து, தலைகீழாகப் பிடித்தாலும் விழாமல் நிற்குமாயின் அதுவே சரியான பொருத்தம். அழுத்தி நுழைக்க வேண்டியிருப்பின் இன்னும் தேய்க்க வேண்டும். தளர்ந்து ஆடினால், மனம் நொந்தாலும் அத்துண்டை ஒதுக்கிவிட்டு வேறு அறுக்க வேண்டும்.

இது விளையாட்டுப் பொருளுக்கு மட்டும் உரிய செய்தியன்று. 1940 நவம்பரில் முதன்முதல் பறந்த மாஸ்கிட்டோ என்னும் ஆங்கிலப் போர் விமானம் மரத்தால் ஆனது. அதன் உடற்பகுதியில் இரு ஒட்டுப்பலகைகளுக்கு நடுவே பால்சா இருந்தது. 1944-இல் இந்தியாவில் அவ்வகை விமானங்கள் சில வானிலேயே சிதைந்தன. இறக்கையின் மேற்பலகை நெடுஞ்சட்டத்தை விட்டுப் பிரிந்திருந்தது. பறத்தல் நிறுத்தப்பட்டது. நம் நாட்டு வெயிலின்மீதும் மழையின்மீதும் முதலில் பழி விழுந்தது. ஆனால் நம் பருவமழையையே காணாத விமானங்களிலும் அதே குறை பிறகு கண்டறியப்பட்டது. தொழிற்சாலையில் மூட்டுகளை ஒட்டிய வேலையிலேயே பிழை இருந்திருக்கிறது. அவ்விமானங்களில் சென்றவர்கள் மீளவில்லை.

நானும் ஒருமுறை இத்தகைய பிழைக்கு உடந்தையானேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவன், சிறுகச் சிறுகச் சேர்த்த காசில் பால்சா வாங்கி இறக்கை கட்டிக்கொண்டிருந்தான். மூன்று விலாக்களில் காடியின் ஆழம் குறைந்திருந்தது. அவற்றின் பின்முனை கட்டும் பலகையை விட்டு எழும்பி நின்றது. "மறுபடி தேய்க்கட்டுமா, ஐயா?" என்று கேட்டான். மறுநாள் போட்டி. "நேரமில்லை, ஊசி குத்தி அழுத்து, பசை பிடித்துக்கொள்ளும்" என்றேன். பிடித்துக்கொண்டதும் உண்மையே. ஊசிகளை எடுத்தவுடன் அடங்கியிருந்த முறுக்கு தன் வேலையைக் காட்டியது. இடச் சிறகின் பின்விளிம்பு மூன்று மில்லிமீட்டர் மேலே வளைந்தது. கையால் எறிந்த விமானம் இடப்புறம் சாய்ந்து, வட்டம் குறுகக் குறுகச் சுழன்று தரையில் மோதியது. பையன் என்னைக் குறை கூறவில்லை. மூக்கை மட்டும் பொறுக்கிக்கொண்டு வந்து என் மேசைமேல் வைத்தான்.

வேறு பலகை வாங்க அவனிடம் காசில்லை; வாங்கித் தருகிறேன் என்றபோது மறுத்துவிட்டான். வெந்நீரில் நனைத்த துணியை மூட்டுகளில் வைத்து வெள்ளைப் பசையை இளக்கினோம். மூன்று விலாக்களையும் கழற்றிக் காடிகளை அவனே தேய்த்தான். சட்டம் தானாக அமரும்வரை பசைக் குப்பியை நான் என் பையிலேயே வைத்திருந்தேன். அதற்கு இரண்டு மாலைப்பொழுதுகள் பிடித்தன. போட்டி முடிந்துபோயிருந்தது. ஒட்டுப்போட்ட அவ்விமானம் மைதானத்தில் நேராகப் பறந்து, கடைசியில் சிறிதே இடப்பக்கம் திரும்பி, புல்லின்மேல் இறங்கியது.